முன்காச்சியின் இருட்டு

அவையோருக்கு வணக்கம்.

ஹங்கேரிய ஓவியர் மிஹாய் முன்காச்சி 1844இல் பிறந்தவர். பிறந்த ஊர் முன்காச் இன்று உக்ரைனில் இருக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார், தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார், தச்சுப் பட்டறையில் தொழில் பழகினார். அதன்பின் வியன்னா, மியூனிக், டுசல்டோர்ஃப் என்று ஓவியப் படிப்பு. 1870 பாரிஸ் சலோன் கண்காட்சியில் மரண தண்டனைக் கைதியின் கடைசி நாளை வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கம். வயது 26! ஒரே படத்தில் ஐரோப்பாவே அவரைத் திரும்பிப் பார்த்தது.

பார்த்தவர்களை மயக்கியது அந்தப் படத்தின் இருட்டு. இன்று அவருடைய படங்களை அரிப்பதும் அந்த இருட்டுதான். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வெள்ளை அடிப்பூச்சின் மேல் வண்ணம் ஏற்றுவது ஒரு முறை. முன்காச்சி கான்வாஸைக் கரும்பழுப்பாக்கிக்கொண்டு, இருட்டிலிருந்து முகங்களையும் கைகளையும் வெளிச்சத்துக்கு இழுத்தார். அந்தக் கரும்பழுப்புக்கு அவர் நம்பியது பிட்டுமனை, அதாவது நிலக்கீலை. அதை டர்பன்டைனில் கரைப்பார்கள், அல்லது ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிச் சேர்ப்பார்கள். பூசிய அன்று தேன் போல் மினுங்கும், ஆழம் தெரியும். அதற்கு ஆசைப்படாத ஓவியர் அக்காலத்தில் குறைவு.

கோளாறு எங்கே? ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் வற்றுவது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். நிலக்கீல் அந்த வினையைத் தடுக்கிறது. அடிப்பூச்சு ஆண்டுக்கணக்கில் இளகியே கிடக்கும். அதன் மேல் ஈய வெள்ளை கலந்த வண்ணம் விரைவில் இறுகிவிடும். மேல்தோல் கெட்டி, அடியில் களி. விரிசல் விழாமல் என்ன செய்யும்? முதலையின் முதுகு போல அகல அகலமாகப் பிளந்து, பிளவுகளில் கருப்பு பிதுங்கி நிற்கும். நாளாக நாளாகப் படம் முழுதும் கருக்கும். காய்ந்த படலத்தின் மேல் நிலக்கீலை மெல்லிசாக ஓட்டியிருந்தால் சேதம் குறைவு. அடியில் தடிமனாக வைத்ததுதான் வினை. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும் என்பது தச்சுப் பட்டறையில் பாலபாடம். அவருக்குத் தெரியாததல்ல என்றே நினைக்கிறேன். கைக்கு வந்த பழக்கத்தை விட மனமில்லை.

1881இல் 'பிலாத்துவின் முன் கிறிஸ்து', 1884இல் 'கொல்கொதா', 1896இல் 'இதோ மனிதன்' வந்தன. முதல் படமே 4 மீட்டருக்கு மேல் உயரம், 6 மீட்டருக்கு மேல் அகலம். முதல் இரண்டையும் வாங்கியவர் அமெரிக்க வணிகர் ஜான் வானமேக்கர். படங்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. இன்று மூன்றும் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகர தெரி அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. முன்காச்சி 1900இல், ஜெர்மனியில் பான் நகரையொட்டிய எண்டனிக் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

இப்படிப்பட்ட படத்தைப் பழுதுபார்ப்பது பெரும்பாடு. பழைய வார்னிஷைக் கரைக்கும் திரவம் நிலக்கீலையும் சேர்த்துக் கரைத்துவிடும். நைந்த கான்வாஸுக்குப் பின்னால் மெழுகு வைத்துப் புதுத்துணி ஒட்டலாமென்றால், சூடு பட்டதும் அடிப்பூச்சு இளகி, மேலிருக்கும் முகம் நகரும். அதனால் வார்னிஷை மட்டும் சிறு சிறு இடமாக மெலிதாக்குவார்கள், விரிசலுக்குள் அளவாக வண்ணம் தொடுவார்கள். அறையின் வெப்பம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதே மிச்ச வைத்தியம்.