விருப்பம் மட்டும் போதாது என்று சொன்ன ஆசிரியர்

சபையோருக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் நின்று ஓர் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிப் பேச எனக்குக் காரணம் இருக்கிறது. கேரி கீல்ஹாஃப்னர் 1949இல் பிறந்து 2010இல் மறைந்தவர். தொழில்வழிச் சிகிச்சையைக் கற்பித்தவர், அதை ஆராய்ந்தவர். குளிப்பது, சமைப்பது, வயலுக்குப் போவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது என நாளாந்தம் நாம் செய்கிற காரியங்களை, காயமோ நோயோ வந்தபின் மறுபடி செய்ய வைப்பதுதான் அந்தச் சிகிச்சை.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியையாக இருந்தவர் மேரி ரெய்லி. மனமும் உறுதியும் இயக்கும் தன் கைகளால் மனிதன் தன் உடல்நலத்தையே மாற்றலாம் என்று 1961இல் மேடையில் சொன்ன அம்மையார். அவரிடம் படித்த கீல்ஹாஃப்னர், 1980இல் சக ஆய்வாளர்களோடு 'மனிதச் செயற்பாட்டு மாதிரி'யை வெளியிட்டார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தால் போதாது. அந்த ஆளின் விருப்பம், வழக்கம், செய்திறன், வாழும் சூழல் எல்லாவற்றையும் பார் என்றது அது.

அவரிடம் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். தொடக்கத்தில் அவர் விருப்பத்தை உச்சியில் வைத்தார். அது கட்டளையிடும், வழக்கமும் திறனும் கீழிருந்து நடக்கும் என்றார். 1995இல் அந்த மாதிரியை விளக்கும் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தப் படிநிலையை அவரே கைவிட்டார். மூன்றும் சூழலோடு சேர்ந்து ஒன்றையொன்று இழுக்கின்றன, எதுவும் எதற்கும் தலைமை இல்லை என்று எழுதினார். தன் பெயரை நிலைநாட்டிய கோட்பாட்டைத் தானே பிரித்துக் கட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்?

சரி, இதை வன்னிக்குக் கொண்டுவந்து பாருங்கள். செல் துண்டு பட்டு முள்ளந்தண்டு பாதித்த ஒரு விவசாயியை நினையுங்கள். விசுவமடுப் பக்கம் வளவு. "மனதைத் தளர விடாதேங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு எல்லாரும் போய்விடுகிறோம். அவர் மனம் தளரவே இல்லை. கிரவல் ரோட்டில் சக்கர நாற்காலி புதைகிறது. கிணற்றுக்கட்டு உயரம். மலசலகூட வாசல் ஒடுக்கம். விடிய வெள்ளன எழும்பி வயலுக்குப் போன மனிதருக்கு இப்போது விடிந்தபின் போக இடமில்லை. அவருடைய மனவுறுதியைக் குறை சொல்வது அநியாயம். வாசலை அகலமாக்குவதும், கத்தரி மிளகாய்ப் பாத்தியை இருந்தபடி எட்டும் உயரத்துக்குக் கட்டிக் கொடுப்பதும், காலையில் செய்ய ஒரு வேலையைத் திரும்பத் தருவதும் சிகிச்சைதான்.

சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் துறைத்தலைவராக இருந்தபோது, கற்பித்தலும் ஆய்வும் சிகிச்சையும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டறியும் நேர்காணல் முறை ஒன்றையும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். உங்கள் வாழ்க்கை எப்போது திசைமாறியது என்பது அதில் கேட்டறிய வேண்டிய விஷயங்களில் ஒன்று.

அதை இங்கே அப்படியே கேட்டுவிட முடியாது. 2009ஐ முள்ளிவாய்க்காலில் கடந்து வந்த ஒரு தாயிடம் அதைக் கேட்பவர், பதில் வரும்போது எழுந்து போகாதவராக, அவருடைய பேச்சிலேயே பேசுபவராக இருக்க வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளே, விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது இந்தத் துறையின் பெயரையும் தேடிப் பாருங்கள். படித்து முடித்து இங்கேயே வாருங்கள். அந்தக் கேள்விகளை நம் சனத்தோடு இருந்து, எதை விடுவது, எதை எப்போது கேட்பது என்று பார்த்துத் தமிழில் புதிதாக எழுதுங்கள்.