மேடையில் இல்லாத கடல்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் திருவிழா நாடகம் எழுதுகிறவர்களுக்கான பேச்சு இது. உங்கள் நாடகத்தைப் படமாக்குகிறேன் என்று ஓர் இயக்குநர் வந்தால், இருவருக்கும் இடையில் என்னென்ன கடிதங்கள் போக வேண்டும்? "அதான் போன்லயே பேசிட்டமே" என்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

முதல் கடிதம் உரிமைக்கு. பதிப்புரிமைச் சட்டம் 1957, 19-ஆம் பிரிவின்படி எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. தயாரிப்பாளர் தரும் தாளில் அந்த 'வேறு மாதிரி' எங்காவது ஒரு மூலையில் இருக்கும், தேடிப் படியுங்கள். மேடை உரிமை என்னிடமே என்ற வரி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அடுத்த திருவிழாவுக்கு உங்கள் நாடகத்தை நீங்களே போடமுடியாமல் போகலாம். டைட்டிலில் பெயர் 'மூலக்கதை' என்று வருமா, 'கதை, வசனம்' என்று வருமா என்பதையும் இதிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. கைதட்டு வாங்கும் வசனங்களில் சில, ஒத்திகையில் நடிகர் போட்டவை. மெட்டு ஆர்மோனியக்காரருடையது. அவர்களிடம் கையெழுத்து வாங்காமல் அவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பிறகு வம்பு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இரண்டாவது கடிதம்தான் பெரியது. மேடையில் கடல் கிடையாது. ஒரு பெண் சபையைப் பார்த்து, "வாடை ஏறிக்கிட்டே இருக்கு, நம்ம வல்லத்த இன்னும் காணோமே" (வாடை வடகாற்று, வல்லம் மீன்பிடிப் படகு) என்றால் போதும், எதிரே கடல் வந்துவிடும். படத்திலோ அவளுக்குப் பின்னால் நிஜக் கடலே கிடக்கிறது. அந்த வரி அங்கே வெறும் அறிவிப்பு. ஆகவே ஒரு தாளை நெடுக்கே மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: மேடை வரி, அது செய்த வேலை, படத்தில் அந்த வேலையை எது செய்யும். மேலே சொன்ன வரிக்கு வேலை இரண்டு, காற்றும் பயமும். காற்றுக்கு, கொடியில் காயும் சேலை திசைமாறி அடித்தால் போதும். பயத்துக்கு, சோற்றுப்பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடும் கை. வசனத்தை வெட்டுவதற்கு முன் அதன் வேலையை இயக்குநருக்கு எழுதிக் காட்டாவிட்டால், வரியோடு பயமும் போய்விடும்.

படம் என்றாலே வீட்டைவிட்டு வெளியே ஓட வேண்டும் என்றும் இல்லை. கே. பாலசந்தர் தம் நாடகமான 'எதிர்நீச்ச'லை 1968-இல் படமாக்கியபோது கதையின் பெரும்பகுதியை அந்த ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள்ளேயே வைத்தார். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். மேடையில் இருபது நிமிடம் ஓடும் காட்சியைச் சுருக்குவதா, உடைப்பதா என்பதைக் கடிதத்திலேயே பேசி முடியுங்கள். திரைக்கதையைத் திருத்தி எழுதும் ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணும் தேதியும் போடுங்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்து நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து.

இடமும் பருவமும் மூன்றாவது கடிதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், மீன் இறக்கும் காட்சி கிடைக்காது. தடை முடிந்த கையோடு ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். மைக்குக்கு ரோமஉறை போட்டாலும் மெல்லிய குரல் எடுபடாது, டப்பிங்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால்வைக்க முடியாது.

கடைசியாகச் சொற்பட்டியல். வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று பிரதியோடு எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வெளியூர் நடிகை 'வாடை ஏறிக்கிட்டே இருக்கு' என்று படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நடித்துவிடுவார்.