பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

என் சித்தப்பா 1978-இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒலிம்பஸ் ட்ரிப் 35 என்ற கேமராவைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும். பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி வளையம் இருக்கும். அதன் பின்னால் உள்ள செலினியம், மேலே படும் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும். 1984 வரைக்கும் இந்த மாடலைத் தயாரித்தார்கள்.

எங்கள் வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அதில்தான். அப்புறம் சித்தப்பா அதைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்திரப்படுத்துகிறாராம்! இருபது வருஷம் கழித்து என் கைக்கு வந்தபோது, டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய பீரோவும் தோல் உறையும்தான் கேமராவுக்கு முதல் எதிரி. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு கேமராவைப் போட்டுவிட்டால் போதும். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாக மாறினால், வாணலியில் சிறு தீயில் சூடு காட்டுங்கள், மறுபடியும் நீலமாகிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். சிலர் அரிசி டப்பாவில் கேமராவைப் புதைத்து வைக்கிறார்கள். அரிசித் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போனால் யார் எடுப்பது?

பூஞ்சையை மெக்கானிக் துடைத்துக் கொடுத்தார். முதல் ரோல் போட்டேன். பாதிப் படங்களில் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. கழுவிய லேபைத்தான் மனசுக்குள் திட்டினேன். தப்பு அங்கே இல்லை. பின்கதவு மூடும் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள். வயசானால் அது தார் மாதிரி இளகி, தொட்டால் விரலில் ஒட்டும்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். குச்சி ஐஸ் குச்சியைக் கூராகச் சீவி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தால் துணுக்குகள், வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டர் பக்கம் போகாது. பள்ளம் சுத்தமானதும் கறுப்புக் கம்பளி நூலை அதில் அழுத்திப் பதியுங்கள். கீல் பக்கம் மட்டும் கறுப்பு வெல்வெட் துண்டு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது, பெரும்பாலும் சுரண்டவே.

லென்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வேட்டி நுனி வேண்டாம். முதலில் ஊதுபம்பால் தூசியை ஊதுங்கள், பிறகு மென்துணி. தூசியோடு தேய்த்தால் கீறல்தான். ஷட்டர் திணறுகிறது என்று எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அந்த மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முழுசாகப் பிரித்தால்தான் விமோசனம்.

சரி, பழைய ட்ரிப் ஒன்று உங்கள் வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ கிடைத்தால் எப்படிச் சோதிப்பது? லென்ஸில் திருகும் வளையத்தை 'ஏ' (A) என்ற ஆங்கில எழுத்தில் வைத்து, பிலிம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். வெளிச்சம் போதாது என்று சிவப்பு நாக்கு ஒன்று பார்வைத் துளைக்குள் எட்டிப் பார்க்கும், ஷட்டர் விழாது. இப்போது வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்து அழுத்துங்கள். 'க்ளிக்' என்றால் செலினியத்துக்கு உயிர் இருக்கிறது. வெயிலிலும் நாக்கை நீட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

சித்தப்பா கேமராவுக்கு இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்கிறேன். பொத்தானை அழுத்துவது என் பேத்தி. சிவப்பு நாக்கைப் பார்த்தால் அவளும் பதிலுக்கு நாக்கை நீட்டுகிறாள். வணக்கம்.