போட்டுக்கு இரண்டாவது பில்ஜ் பம்ப் | சிம்கோ ஏரியில் இறக்குவதற்கு முன்னால்

வணக்கம் உறவுகளே. போட் இன்னும் வீட்டு வாசலில், டிரெய்லர் மேலேதான் நிற்கிறது. இங்கே கனடாவில், சிம்கோ ஏரியில் பனி உருகிவிட்டது, மே மாதத்தில் இறக்கிவிடுவேன். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது: ஏற்கெனவே இருக்கிற பில்ஜ் பம்போடு இன்னொன்று போடுவது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி. தரைப்பலகைக்கும் கீழே, போட்டின் அடிப்பள்ளம்தான் பில்ஜ். மழைத் தண்ணீர், அலை தெறிப்பு, நீந்திவிட்டு ஏறுகிறவர்கள் சொட்டச் சொட்டக் கொண்டுவருவது, எங்கேயோ கசிவது, எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். அதை வெளியே தள்ளுவது பில்ஜ் பம்ப்.

என்னுடையது 21 அடி ஃபைபர் போட், பெட்ரோல் என்ஜின், ஸ்டெர்ன் டிரைவ். அதாவது என்ஜின் உள்ளே இருக்கும், புரொப்பெல்லர் இருக்கிற கால் வெளியே தொங்கும். இரண்டையும் இணைக்கப் பின்சுவரில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்கும் ஏரிக்கும் நடுவில் நிற்பது பெல்லோஸ் என்கிற ரப்பர் உறை மட்டும்தான். கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். மடிப்பின் உள்பக்கத்தை விரலால் விரித்தால்தான் வெடிப்பு தெரியும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். இதில் வெடிப்பு இல்லை, போன வருடம்தான் மாற்றினேன். ஆனால் கரையில் கட்டிவைத்த இடத்திலேயே, ஆள் இல்லாத நேரத்தில் மூழ்குகிற போட்டுகள் நிறைய. இந்த ரப்பர் கிழிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஒரு பம்ப் இருக்கிறதே, போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 1 இன்ச் ஓட்டை விழுந்தால், குறைத்துக் கணக்கிட்டாலும் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஓட்டை 2 இன்ச் என்றால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. போட்டில் இருக்கிற பழைய பம்ப் 500 ஜிபிஎச், மணிக்கு 500 அமெரிக்க கேலன். நிமிடக் கணக்கில் 32 லிட்டர்கூட இல்லை. அதுவும் பெட்டியில் எழுதியிருக்கிற கணக்கு. தண்ணீரை மேலே ஏற்றாமல், முழு வோல்டேஜ் கொடுத்து, நீளமான குழாய் இல்லாமல் எடுத்த அளவு அது. போட்டுக்குள் அப்படி ஒரு நிலைமை வரவே வராது.

அப்படியானால் பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டால் என்ன? பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பம்ப் என்றால் ஒரு ஃப்யூஸ், ஒரு ஸ்விட்ச், ஒரு குழாய். ஒரு இலைத் துணுக்கு போய் இறக்கையில் சிக்கினால் கதை முடிந்தது. இரண்டு பம்ப் போட்டும் இரண்டையும் ஒரே ஃப்யூஸில் கோர்த்து, ஒரே குழாயில் T வடிவ இணைப்பு வைத்துச் சேர்த்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது இரண்டு பம்ப் இல்லை, ஒன்றரைகூட இல்லை. ஒரு பம்ப் தள்ளுகிற தண்ணீர் இன்னொன்றின் வழியாகத் திரும்பப் பில்ஜுக்கே வரும். வயர், ஃப்யூஸ், ஸ்விட்ச், குழாய், வெளியே போகிற ஓட்டை, எதையும் இரண்டும் பங்கு போடக் கூடாது. முடிந்தால் பேட்டரியைக்கூட. என் போட்டில் இரண்டு பேட்டரி இருக்கிறது. பழைய பம்ப் என்ஜின் ஸ்டார்ட் ஆகிற பேட்டரியில், புதியது மற்றதில்.

புதியது 1100 ஜிபிஎச். பெட்டிக் கணக்கில் நிமிடத்துக்கு 69 லிட்டர். பெட்ரோல் என்ஜின் இருக்கிற இடத்தில் வைப்பதால் இக்னிஷன் புரொடெக்டட், அதாவது சுற்றியிருக்கிற ஆவியைப் பற்றவைக்காதது, என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெட்ரோல் ஆவி கீழேதான் தங்கும், ஒரு பொறி போதும். டிரில் எடுப்பதற்கு முன்னால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, மூடியை நன்றாகத் திறந்து காற்றோட விட்டிருக்கிறேன்.

எங்கே வைப்பது? பழையது ஆகக் கீழே கிடக்கட்டும், தினசரி வருகிற தண்ணீரை அது பார்த்துக்கொள்ளும். புதியதை அதைவிட ஒரு நான்கு இன்ச் மேலே வைக்கிறேன். காரணம், சாதாரண நாளில் அது நனையவே கூடாது. நனையாமல் இருந்தால் குப்பை அடைக்காது, தேயாது. அது ஓடுகிறது என்றாலே கீழே இருக்கிறவனால் சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

போட்டின் அடிச்சுவரில் நேராக ஸ்க்ரூ போடவே கூடாது, அது நாமே ஓட்டை போடுகிற வேலை. மரைன் பிளைவுட் துண்டு ஒன்றை எல்லாப் பக்கமும் எப்பாக்ஸி என்கிற பிசினைப் பூசிக் காயவைத்து, உள்ளே நீளவாக்கில் ஓடுகிற சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக் பலகை போடலாமே என்று தோன்றும். அதில் எப்பாக்ஸி பிடிக்காது, நகத்தால் நெம்பினாலே வந்துவிடும்.

அப்புறம் குழாய். இதுதான் பழைய குழாய். இதற்கு முன் போட்டை வைத்திருந்தவர் போட்டது. உள்ளே விரலை விட்டால் ஒவ்வொரு வளையத்திலும் கறுப்புச் சேறு. இந்த வரிவரியான குழாய் விலை மலிவு, நன்றாக வளையும், ஆனால் உள்சுவர் மேடு பள்ளம் என்பதால் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். போதாததற்கு நடுவில் தொய்ந்து ஒரு வயிறு போட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், பம்புக்கும் அதற்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், பம்ப் சத்தம் மட்டும் போடும், ஒரு சொட்டு வராது. குளிர்காலத்தில் அதே தண்ணீர் உறைந்து குழாயை உடைத்தாலும் உடைக்கும். அதனால் இரண்டுக்குமே உள்பக்கம் வழவழப்பான குழாய் போடுகிறேன். புதியதற்கு 1 1/8 இன்ச். பம்பில் இருந்து வெளிவாய் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கேயும் இறங்கக் கூடாது.

தண்ணீர் திரும்பி வராமல் இருக்க நடுவில் ஒரு செக் வால்வு போடச் சொல்வார்கள். நான் போட மாட்டேன். அதுவே தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், ஒரு முடிக்கற்றை சிக்கினால் மூடியபடியே நின்றுவிடும். ஏரித் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வெளிவாயை உயரத்தில் வைப்பதுதான் வழி. அந்த உயரத்தை வெறும் போட்டை வைத்து அளக்காதீர்கள். நான்கு பேர் பின்பக்கம் உட்கார்ந்து, இன்னொருவர் நீச்சல் படியில் நின்றால் பின்பக்கம் எவ்வளவு இறங்கும் என்று யோசித்து வையுங்கள்.

ஓட்டை போடுகிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, வெளியில் இருந்து ஹோல் சாவை (டிரில்லில் மாட்டுகிற வட்ட ரம்பம்) முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு ஒரு கோடு போடுங்கள். அப்புறம் நேராகச் சுற்றினால் ஜெல்கோட், அதாவது ஃபைபரின் மேல்பூச்சு, சில்லு சில்லாகப் பெயராது. வெட்டிய ஓரத்தில் மரம் தெரிந்தால் எப்பாக்ஸியால் அடைத்துவிட்டு, சீலன்ட் வைத்து முடுக்குங்கள்.

இப்போது வயர். இதில்தான் அவசரப்படக் கூடாது. தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைத் தானாக ஓடவைப்பது ஃப்ளோட் ஸ்விட்ச். அதற்குப் போகிற லைன், மெயின் பேட்டரி ஸ்விட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியில் இருந்து வர வேண்டும். நாம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதானே அது வேலை செய்ய வேண்டும்! பேட்டரியில் இருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ். எத்தனை ஆம்பியர் என்பதைப் பம்பின் லேபிளைப் பார்த்துப் போடுங்கள், வயரின் தடிமனைப் பார்த்து இல்லை. இறக்கை சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றால் கரண்ட் ஏறும். பெரிய ஃப்யூஸ் போட்டிருந்தால் அது போகாது, மோட்டார்தான் உருகும்.

வயர் டின் பூசிய செம்பு, 14 கேஜ். இணைப்பெல்லாம் பசை உருகிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர். பழைய இணைப்பைப் பாருங்கள், கறுப்பு டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப்பொடியாக உதிர்கிறது. புதிய இணைப்புகளைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். மின்னணு சென்சார் ஸ்விட்சும் கிடைக்கிறது, எனக்கு இந்தச் சாதா ஃப்ளோட்தான் பிடிக்கும். விரலால் தூக்கினால் பம்ப் ஓடும், சந்தேகமே வேண்டாம். அதே ஃப்ளோட்டின் பம்புக்குப் போகிற பக்கத்தில் ஒரு பஸ்ஸர் சேர்த்திருக்கிறேன். மேல் பம்ப் ஓடினால் ஸ்டீரிங் பக்கத்தில் காது கிழியும்.

சரி, சோதனை. வடிகால் பிளக்கை முடுக்கிவிட்டுத் தோட்டக் குழாயால் பில்ஜை நிரப்புகிறேன். டிரெய்லரை வண்டியில் மாட்டியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அத்தனையும் பின்பக்கம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். முதல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டேன். தண்ணீர் ஏறுகிறது... இதோ, ஃப்ளோட் மிதக்கிறது. கேட்கிறதா பஸ்ஸர்?

வெளியே 20 லிட்டர் வாளி, கையில் ஸ்டாப் வாட்ச். 27 விநாடி. நிமிடத்துக்கு 44 லிட்டர். பெட்டியில் சொன்ன 69-இல் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. பம்பில் குறை இல்லை, தண்ணீர் ஏறுகிற உயரமும் பேட்டரி வோல்டேஜும் எடுத்துக்கொண்டது அது. பழையதும் சேர்ந்து ஓடினால் 1 இன்ச் ஓட்டையைச் சமாளிக்கலாம். 2 இன்ச் என்றால் நடக்காது. அங்கே பஸ்ஸர் சத்தம் கேட்டதும் ஓட்டையைத் தேடி அடைப்பது நம் வேலை.

கடைசியாக இந்த மஞ்சள் பாத்திரம். கனடாவில் 9 மீட்டர் வரையிலான உல்லாசப் போட்டில் சட்டம் கேட்பது, தண்ணீர் இறைக்கிற பாத்திரம் அல்லது கைப்பம்ப். மின்சாரப் பம்ப் இரண்டு இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. எண்ணெய் உறிஞ்சுகிற பேட் ஒன்றும் பில்ஜில் போட்டுவிடுங்கள், என்ஜின் ஆயிலை ஏரியில் கொட்டினால் அபராதம். என்ஜின் உள்ளே இருக்கிற பெட்ரோல் போட் என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் ப்ளோவர், அதாவது ஆவியை வெளியேற்றுகிற விசிறி, ஓட வேண்டும் என்பதும் விதிதான்.

முதல் பம்பின் ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, பிளக்கைக் கழற்றி இந்தத் தண்ணீரை வடிக்கப் போகிறேன். அடுத்த வீடியோவில் டிரெய்லர் பேரிங்குக்கு கிரீஸ் வைப்போம்.