போதகர்களின் முறையீடுகள்: 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கிராமங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசுப் புள்ளியியல் பணியில் முப்பது ஆண்டுகள் படிவங்களோடு காலம் தள்ளியவன் நான். வினாப்பட்டியல் அனுப்புவது, விடை வராவிட்டால் நினைவூட்டுவது, அதற்கும் விடை வராவிட்டால் மறுபடியும் நினைவூட்டுவது என்றே அந்த வாழ்க்கை கழிந்தது. ஆகையால், 1790ஆம் ஆண்டில் ஒரு தனி மனிதர் ஒரு நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் வினாக்களை அனுப்பி, எங்கும் விடுபடாமல் விடை வாங்கினார் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டானது மதிப்பு அன்று, பொறாமை. அவர் பெயர் சர் ஜான் சின்கிளேர். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள கேத்னஸ் பகுதியின் நிலக்கிழார், நாடாளுமன்ற உறுப்பினர்.

அன்றைய ஸ்காட்லாந்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பாரிஷ்களாகப் பிரிந்திருந்தது. ஒரு தேவாலயம், அதனைச் சுற்றிய சிற்றூர்கள், அவற்றுக்கெல்லாம் ஒரு போதகர் என்பது அதன் அமைப்பு. திருநெல்வேலிச் சீமைச் சபையார் இதனைச் சேகரம் என்பார்கள். நானும் அச்சொல்லையே ஆள்கிறேன். ஒவ்வொரு சேகரத்துப் போதகருக்கும் சின்கிளேர் 160 வினாக்களை அனுப்பினார். பின்னர் மேலும் 6 சேர்த்தார். விடை எழுதாதவர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போயிற்று. ஒரு கட்டத்தில் சிவப்பு மையில் எழுதிக்கூட அனுப்பிப் பார்த்தார். அப்படியும் அசையாதவர்களின் ஊருக்குத் தம் ஆட்களை அனுப்பி விவரம் திரட்டினார். 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அவை அச்சேறின. 938 சேகரங்களின் வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. புள்ளியியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் ஜெர்மன் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால், அரசின் வலிமையை அளப்பதற்காக அன்றி, குடிமக்கள் எவ்வளவு மகிழ்ச்சி துய்க்கிறார்கள் என்று அறிவதற்காகவே அதைக் கையாள்வதாகச் சொன்னார். நான் பணியில் இருந்த காலத்தில் அப்படியொரு கட்டத்தை எந்தப் படிவத்திலும் கண்டதில்லை.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையிடையே மறுபடியும் சொல்வேன், பொறுத்தருள வேண்டும். இந்த விடைகளில் எண்களைவிட, போதகர் எங்கே குறைபட்டுக்கொள்கிறார் என்று பாருங்கள். அவருடைய முறையீட்டில்தான் மக்களின் பிழைப்பு வெளிப்படுகிறது.

தேநீரை எடுத்துக்கொள்வோம். வேலைக்காரப் பெண்களும் ஏழைக் குடும்பங்களும் தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எத்தனையோ போதகர்கள் வருந்தி எழுதியிருக்கிறார்கள். ஓட்ஸ் கஞ்சி குடித்து வளர்ந்த உடம்பு தேநீரால் கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், நூறு விழுக்காட்டுக்கு மேல் இருந்த தேயிலை வரியை லண்டன் அரசு 1784இல் பன்னிரண்டரை விழுக்காடாகக் குறைத்திருந்தது. அந்த வரிக் குறைப்பு ஆறேழு ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக் குடிசையின் அடுப்புவரை வந்து சேர்ந்த செய்தியைத்தான் போதகர் தம்மையறியாமல் நமக்குச் சொல்கிறார்.

இப்போதகர்கள் விலைவாசியை இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கும் காரணம் உண்டு. அவர்கள் ஊதியத்தின் ஒரு பகுதி பணமாகவும் மறுபகுதி ஓட்ஸ் மாவாகவும் வாற்கோதுமையாகவும் வந்தது. தேவாலய மானியமாகக் கிடைத்த சிறு நிலத்தில் போதகரே பயிர் செய்வார், மாடு வளர்ப்பார். சந்தையில் மாவு விலை ஏறினால் தம் சம்பளம் ஏறியது என்றும், தம் சபையில் பாதிப்பேர் பட்டினி கிடக்கிறார்கள் என்றும் அவர் ஒரே சமயத்தில் அறிந்தார். 1782இல் கோடை வராமலே போய், அறுக்காத கதிர்களின்மேல் பனி விழுந்தபோது நாடே தானியமின்றித் தவித்தது. மறு ஆண்டு அரசு அனுப்பிய பட்டாணியைத் தின்று மலைநாட்டு மக்கள் உயிர் பிழைத்தனர். பத்தாண்டு கழித்து எழுதிய விடைகளிலும் அந்தப் பஞ்சம் ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

அடுத்த முறையீடு எரிபொருள். விறகுக்கு மரமில்லாத நாட்டில், சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலில் பரப்பி, புரட்டிப் போட்டு, காய்ந்தபின் குவித்து, வண்டியிலோ முதுகிலோ வீடு சேர்க்க வேண்டும். இந்தக் கட்டிகளுக்குப் பீட் என்று பெயர். விதைப்பு முடிந்ததும் தொடங்கும் இந்த வேலை கோடையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதிலும் குத்தகையாளன் முதலில் நிலக்கிழாரின் வீட்டுக்குரிய பீட்டை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வெட்ட முடியும். கடல்வழியாக நிலக்கரி வாங்கலாமே என்றால், ஆங்கஸ் கரையில் உள்ள ரெட் ஹெட் என்னும் முனையைத் தாண்டி வடக்கே போகும் கரிக்கு வரி விதித்திருந்தார்கள். ஒரு பாறை முனைக்குத் தெற்கே இருப்பவன் வரியின்றிக் குளிர்காய்வான், வடக்கே இருப்பவன் கோடை முழுவதும் சேற்றில் நிற்பான். வடபகுதிப் போதகர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1793இல் அந்த வரி நீக்கப்பட்டது.

ஏழைகளைக் காப்பது சேகரத்தின் பொறுப்பு. தேவாலய மூப்பர் சபையிடம் ஒரு பெட்டி இருக்கும். ஒருவரே தனியாகத் திறந்துவிடாதபடி அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, அவை இருவர் கையில். ஞாயிறு காணிக்கை அதில் விழும். சவப்பெட்டியின்மேல் போர்த்தும் கறுப்பு வெல்வெட் துணியைச் சபையார் வாடகைக்குக் கொடுப்பார்கள். அந்த வாடகையும், ஒழுக்கம் தவறியவர்கள் கட்டிய தண்டமும் அதில்தான் சேரும். ஆக, ஊரின் பாவமும் சாவும் ஏழைக் கிழவிக்கு மாவாயின. பெட்டியைத் திறந்து எண்ணும்போது செல்லாத செப்புக்காசுகளும் கள்ளக்காசுகளும், எங்கிருந்தோ வந்த டச்சு நாட்டுச் சல்லிக்காசுகளும் கிடக்கும். மூப்பர்கள் அவற்றையும் வீணாக்காமல் செம்பு விலைக்கு எடைபோட்டு விற்றுக் கணக்கில் எழுதினார்கள். கடவுளுக்குக் கள்ளக்காசு போட்டவர் யார் என்று மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

போதகர் குறைபட்டதைச் சொன்னேன்; அவர் விட்டுவிட்டதையும் சொல்ல வேண்டும். இது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான செய்தி. டம்ஃப்ரீஸ் பகுதியில் டன்ஸ்கோர் என்றொரு சேகரம். 1788 முதல் 1791 வரை அங்கே எலிஸ்லண்ட் என்னும் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். அவரும் ராபர்ட் ரிடெல் என்ற அண்டைப் பண்ணைச் செல்வரும் சேர்ந்து, குத்தகை உழவர்களுக்காக ஒரு நூலகச் சங்கம் நடத்தினார்கள். சேரும்போது ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும்; நான்காவது சனிக்கிழமைதோறும் கூடும்போது மேலும் ஆறு பென்ஸ். அந்தப் பணத்தில் எந்த நூலை வாங்குவது என்று உறுப்பினர்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். நன்றாகக் கவனியுங்கள்: உழுதுவிட்டு வந்த மனிதன், தன் முறை வரும்போது எழுந்து நின்று ஒரு நூலின் பெயரைச் சொல்வான், மற்றவர்கள் அதற்குக் கட்டுப்படுவார்கள். நூல் பட்டியலை எடின்பரோவிலிருந்த புத்தக வணிகருக்கு எழுதி அனுப்பும் வேலையைப் பர்ன்ஸே பார்த்தார். மூன்றாண்டு முடிவில் 150க்கும் மேற்பட்ட தொகுதிகள் சேர்ந்தன. பிறகு பேசியபடியே உறுப்பினர்களுக்குள் ஏலம் விட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

டன்ஸ்கோர் போதகர் எழுதிய விடையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பர்ன்ஸ் பொறுக்கவில்லை. தாமே எழுதிக் கீழே ‘ஒரு குடியானவன்’ என்று ஒப்பமிட்டார். ரிடெலின் கடிதத்தோடு அது சின்கிளேரிடம் போய்ச் சேர்ந்து, மூன்றாம் தொகுதியில் அச்சாயிற்று. வாங்கிய நூல்களில் குப்பையும் நிறையவே இருந்தது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளில் நான் வாங்கிய எத்தனையோ விடைகளில், விட்டுப்போனதை எழுதிச் சேர்த்த குடியானவன் ஒருவனும் எனக்கு வாய்க்கவில்லை.

நேரம் குறைவாக இருப்பதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. பள்ளி ஆசிரியரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 1696ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஆண்டுக்கு அதிக அளவாக 200 மெர்க் என்னும் பழைய ஸ்காட்லாந்து நாணயம், அதாவது ஏறத்தாழ பதினொரு பிரிட்டிஷ் பவுன் சம்பளம் வைத்தது. 1803 வரை அந்த உச்சவரம்பு நகரவில்லை. தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாணவர்கள் பள்ளிக்கூடத்திலேயே சேவற்சண்டை நடத்த, செத்த சேவலும் தோற்றோடிய சேவலும் ஆசிரியருக்குச் சேர்ந்தன. ஆர்க்னி தீவுகளில் கடற்பாசியை எரித்து, கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய காரச் சாம்பலை எடுத்த தொழிலும் சொல்லப்படாமல் நிற்கிறது. ஒரு டன் சாம்பலுக்கு இருபது டன்னுக்கு மேல் ஈரப்பாசியைத் தண்ணீரில் நின்று வாரினார்கள் என்பதோடு விடுகிறேன்.

ஒன்றைமட்டும் சொல்லி முடிக்கிறேன். மக்களின் மகிழ்ச்சியை அளக்கப் புறப்பட்ட அதே சின்கிளேர்தான் செவியட் இனச் செம்மறிகளைக் கேத்னஸுக்குக் கொண்டுவந்து, அவற்றை வளர்க்குமாறு மற்ற நிலக்கிழார்களையும் தூண்டினார். அவர் தொகுதிகள் அச்சாகிக்கொண்டிருந்த 1792ஆம் ஆண்டிலேயே, ஆட்டுப் பண்ணைகளுக்காக மேய்ச்சல் நிலத்தை இழந்த ராஸ் பகுதி மக்கள், அந்தப் பண்ணைகளின் பல்லாயிரம் செம்மறிகளைத் திரட்டித் தெற்கே ஓட்டத் தொடங்கினார்கள். படை வந்து தடுத்தது. கேலிக் மொழியில் அந்த ஆண்டுக்கு ‘ஆடுகளின் ஆண்டு’ என்று பெயர். வணக்கம்.