பச்சைக் குழந்தையின் மாரைப் பிதுக்காதீங்க!

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, செம கடுப்பில் இருக்கிறேன். தங்கச்சி பையனைப் போன வீடியோவில் பார்த்தீங்க இல்லையா, அவனுக்குத் தண்ணி ஊற்ற ஒரு அம்மா வருகிறார். ஒரு வேளைக்கு 400 ரூபாய்! எண்ணெய் நம்முடையது, பயத்தமாவு நம்முடையது, வெந்நீர் போடுவதும் நாம்தான். சாம்பிராணி காட்டினால் தனியாக 50. அந்தச் சாம்பிராணியும் நம்ம வீட்டுது! பச்சைக் குழந்தைக்குப் புகையே ஆகாது என்று நான் எத்தனை வீடியோவில் கத்தியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலை நீட்டிக் குட்டியைப் போட்டு எண்ணெய் தேய்த்தவர், திடீரென்று இரண்டு விரலால் மார்க்காம்பைப் பிடித்து, "பால் கட்டியிருக்கு கண்ணு, எடுக்கலன்னா ஆம்பளப் புள்ளைக்கு மாரு வளந்துரும்" என்று பிதுக்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். "நாப்பது வருஷமா ஊத்துறேன்" என்று ஒரே சண்டை. ஆனால் கடைசியில் விட்டுவிட்டார், அந்த வெற்றி எனக்குப் போதும்.

வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் ஹார்மோன் பிள்ளைக்கும் போகிறது, அதனால்தான் இந்த வீக்கம். ஆணோ பெண்ணோ, யாருக்கும் வரும், இரண்டு சொட்டுப் பாலும் கசியலாம். வைத்தியம் என்ன தெரியுமா? தொடாமல் இருப்பது! சில வாரத்தில் தானாக வற்றிவிடும், சிலருக்குச் சில மாதம் ஆகும். பிதுக்கினால் வீக்கம் வற்ற இன்னும் நாளாகும், கிருமி உள்ளே போய்ச் சீழ் வைக்கலாம், அப்புறம் அட்மிஷன், நரம்பில் ஆன்டிபயாடிக், சில சமயம் கீறிச் சீழ் எடுக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் உள்ளே இருக்கும், பின்னால் மார்பாக வளர வேண்டிய மொட்டு கெட்டு, பெரியவளாகும்போது அந்தப் பக்கம் சரியாக வளராமலும் போகலாம். சிவந்தாலோ, சூடானாலோ, ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்க.

ஐயோ, மறந்தே போனேன், பழைய வீடியோவுக்குக் கீழே ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, 13 வயசுப் பையனுக்குக் காம்புக்கு அடியில் கட்டி மாதிரி இருக்கிறது என்று. அது பருவ வயசு ஹார்மோன் வேலை, நிறையப் பையன்களுக்கு வரும், பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருஷத்துக்குள் போய்விடும். ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்க, ஆனால் அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சொந்தக்காரங்களிடம் காட்டாதீங்க, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம் அது. 9 வயசுப் பெண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் அது மார்பு வளரத் தொடங்குவதுதான், இன்னொரு பக்கம் மெதுவாக வரும். கட்டி என்று பயந்து வெட்டி டெஸ்ட் எடுக்கக் கிளம்பாதீங்க, மொட்டே கெட்டுப்போகலாம். 8 வயசுக்கு முன்னால் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை டாக்டரைப் பாருங்க.