பாட்டி தைத்த போர்வையைத் துவைக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பாட்டி தைத்த பழைய சேலைப் போர்வை கிடக்கிறதா? தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் கிழிந்த சேலை, கைலி, மாவுச் சாக்கு எல்லாவற்றையும் அடுக்கிக் கையால் தைத்ததாக இருக்கும். இருந்தால் முதலில் ஒரு வேண்டுகோள். அதைத் துவைக்காதீர்கள். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

என் பாட்டி பட்டர்வொர்த் பக்கத்துத் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவர் தைத்த போர்வை எங்கள் பினாங்கு வீட்டுக்கு வந்தது. மேலே அரக்குச் சிவப்புச் சுங்குடி, அடியில் தாத்தாவின் கட்டம் போட்ட கைலி, நடுவில் மாவுச் சாக்குத் துணி. சுங்குடி நைந்த இடத்தில் சாக்கின் நீல எழுத்துகள் எட்டிப் பார்க்கும். தையல் நூல்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவியதுதான். வரிசை முடிகிற இடத்தில் முடிச்சு இருக்காது. மூன்று தையல் திருப்பிப் போட்டிருப்பார். முடிச்சு பிள்ளை முதுகில் உறுத்துமாம்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அதைச் சலவைக் கடையில் கொடுத்தேன். வெந்நீர் விட்டு இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். சிவப்புச் சாயம் இறங்கிச் சாக்குத் துணி முழுக்க ரோஸ் நிறம். நீல எழுத்து போயே போய்விட்டது. எந்த ஆலை மாவு, எந்தக் காலத்துச் சாக்கு என்று சொல்ல இருந்த ஒரே தடயம் அது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், துவைக்காதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள்.

சரி, வயதை எப்படிக் கணிப்பது? அதில் இருக்கும் துணிகளில் எது புதிதோ, அதைவிடப் போர்வை பழையதாக இருக்க முடியாது. பாலியஸ்டர் துணி 1950களில்தான் கடைகளுக்குப் பரவலாக வந்தது. அது ஒரு துண்டு இருந்தாலும், ‘ஜப்பான்காரன் காலத்தில் தைத்தது’ என்ற வீட்டுக் கதை ஒத்துவராது, ஜப்பான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தது 1945 வரைதான். ஆனால் பின்னாளில் வைத்த ஒட்டாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நூலும் தையல் போட்ட கையும் மாறியிருக்கும், உற்றுப் பாருங்கள்.

என்ன துணி என்று தெரியவில்லையா? பிரிந்து தொங்கும் நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாக உதிரும். பட்டு, முடி கருகுகிற வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

அப்புறம், நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் விடாதீர்கள், மடித்த கோட்டில்தான் துணி முதலில் கிழியும்.

பூச்சி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் முழுக்க அடங்கட்டும். அது ஒன்றுக்கு மட்டும் பிளாஸ்டிக். வணக்கம்.